ஓட்டின் அடிப்பக்கம்

ஆடி முதல் வெள்ளி அன்று. கல்லூரியின் மீன் அறையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து செங்கம்மாளுக்குப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, அம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, டெல்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருக்கிற மதராசி கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நல்ல நாளில் எந்த மூலையிலும் அழுக்கு இருக்கக் கூடாது என்று தரையைத் துடைத்தாள், அலமாரியைத் துடைத்தாள், கண்ணாடித் தொட்டிகளை வெளியே துடைத்தாள். கடைசித் தொட்டியில் மணலுக்கு மேல் ஒரு உடைந்த ஓட்டுத் துண்டு கவிழ்ந்து கிடந்தது. கையை விட்டு எடுத்துத் திருப்பினாள். அடியில் ஜவ்வரிசியை நொய்யாக உடைத்து ஒட்டின மாதிரி ஏதோ படிந்திருந்தது. பாசியாக்கும் என்று பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து நாலு இழுப்பு இழுத்தாள். ஓடு பளிச்சென்று ஆனது.

தொட்டியிலிருந்த விரல் நீள மீன் ஒன்று அவள் இன்னொரு கையில் வந்து வந்து முட்டியது. விளையாடுகிறது என்று நினைத்தாள். "இருடா, இருடா, உன் வீட்டத்தான் கழுவுறேன்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே தேய்த்தாள்.

அப்போது அப்பாவு உள்ளே வந்தார். அந்த அறையில் முப்பது வருஷமாக மீன்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். கேம்ப்பில் செங்கம்மாளுக்குப் பக்கத்து வீடு. இந்த வேலையை அவளுக்குச் சொல்லி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஓட்டைப் பார்த்தார், நாரைப் பார்த்தார். முகம் ஒரு கணம் செத்துப் போன மாதிரி ஆனது. ஓட்டை அவள் கையிலிருந்து வாங்கி, முன்பிருந்த மாதிரியே மணலில் கவிழ்த்து வைத்தார்.

"தங்கச்சி, மாடிக்குப் போயி டேங்கு நெறஞ்சிடுச்சான்னு பாத்துட்டு வா. மெதுவா வா, படி வழுக்கும்" என்றார்.

அவள் திரும்பி வரும்போது உள்ளே பேராசிரியர் சேஷனின் குரல் கேட்டது. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"முப்பது வருஷமா இங்க இருக்கே அப்பாவு. முட்டை எது, பாசி எதுன்னு உனக்குத் தெரியாதா?"

"கண்ணு சரியாத் தெரியல சார். பாசின்னு நெனச்சி தேச்சிட்டேன்."

"அந்த முட்டைக்கு எத்தனை மாசம் காத்திருந்தோம்?"

"தப்புதான் சார்."

செங்கம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. கையில் இருந்த நாரைப் பார்த்தாள். அதில் வெள்ளை வெள்ளையாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பேச்சுக்குப் பிறகு முட்டைத் தொட்டிப் பக்கமே போகக் கூடாது என்று ஒரு வருஷத்துக்கு அப்பாவுவுக்குத் தடை வந்தது. கண் டாக்டரிடமும் அனுப்பினார்கள். நல்ல கண்ணுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார் மனுஷர். சட்டைப் பையில் வைத்திருப்பார். சேஷன் சாரின் செருப்புச் சத்தம் கேட்டால் எடுத்து மாட்டிக்கொள்வார். சார் போனதும் கழற்றிவிடுவார். "இத மாட்டினா மீனு ரெண்டா தெரியுது தங்கச்சி. சாரு கேட்டா, மீனு பெருகிடுச்சின்னு சொல்லிடலாம்" என்பார். அவள் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுவாள். நீ செய்ததுதான் என்று அவர் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை.

அப்பாவு விழுப்புரம் பக்கத்து ஆள். பத்தொன்பது வயதில் மேம்பாலம் கட்டுகிற கூட்டத்தோடு டெல்லிக்கு வந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடது கால் சற்று வளைந்துபோனது. அதற்குப் பிறகு கம்பி தூக்க முடியவில்லை. யமுனைக் கரையில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது, கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வலையோடு தண்ணீரில் இறங்கி, ஏதோ ஒரு மீனைத் துரத்தித் துரத்தித் தோற்றுக்கொண்டிருந்தார்கள். இவர் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கையாலேயே ஆறு மீன் பிடித்துக் கொடுத்தார். அதைப் பார்த்த சேஷன் சார் மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். அன்றைக்குச் சேர்ந்த தினக்கூலி வேலை கடைசி வரை தினக்கூலியாகவே இருந்தது.

அந்த மீன்தான் உளுவை. கல்லூரியில் அதை கோபி என்பார்கள். காவல்காரன் ராம்சிங் அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தான். "க்யா மதராசி, ஆஜ் ஆலு கோபி பனாயா?" என்று, காலிஃபிளவர் கறி சமைத்தாயா எனக் கேட்டுக் காலையில் வாசலிலேயே ஆரம்பிப்பான்.

செங்கம்மாள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உளுவையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவு தண்ணீர் மாற்றிக்கொண்டே பேசினதுதான்.

"மத்த மீனுக்கு வயித்துக்குள்ள காத்துப் பை இருக்கும். இதுக்கு அது சரியா இல்ல. நீந்துறத நிறுத்தினா பொத்துனு அடியில போயி உக்காந்துடும். அதனாலதான் மணலே கதின்னு கெடக்குது. நெறமும் மணலு மாதிரியே. மெதிச்சாக்கூடத் தெரியாது. கண்ணு ரெண்டும் நடு மண்டையில இருக்கு பாரு, கெடந்த எடத்துலருந்தே மேல பாத்துக்கும்."

"வெள்ளம் வந்தா என்னா பண்ணும்ணா?"

அவர் ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிக் குவளையில் விட்டு, கீழிருந்து காட்டினார். வயிற்றுத் துடுப்பு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி இருந்தது. அதை வைத்துக் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றது மீன். குவளையைச் சாய்த்தார், சுற்றினார். அது விடவில்லை.

"கல்லு கெடச்சா போதும், புடிச்சிக்கும். தண்ணி வடியற வரைக்கும் விடாது."

"முட்டைய எல்லாம் பொட்டைதான் பாத்துக்குமா?"

"அதான் இல்ல. அது கல்லுக்கு அடியில தலகீழா ஒட்டி வெச்சிட்டுப் போயிடும். ஆம்பளதான் காவல். அஞ்சாறு நாளு சரியா சாப்பிடாது, அந்த எடத்த விட்டு நவுராது. துடுப்பால விசிறிக்கிட்டே இருக்கும். விசிறாம விட்டா முட்டையில பூசணம் பூத்துடும். யாரு கைய விட்டாலும் முட்டும், கடிக்கும்."

செங்கம்மாள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். விளையாடுகிறது என்று நினைத்தாளே.

அந்த நினைப்பு அவளை விடவில்லை. அடுத்த வருஷம் அவள் மகள் சுஜாதாவுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. டாக்டரம்மா ரத்தம் குறைவு என்றாள். செங்கம்மாளுக்கு மட்டும் காரணம் வேறாகத் தெரிந்தது. ஆடி வெள்ளி அன்று, மஞ்சள் பூசின கையால், ஒரு தகப்பன் முட்டி முட்டிக் கெஞ்சியும் கேட்காமல், அத்தனை உயிரையும் வழித்துப் போட்டவள் அவள். அந்தப் பாவம் மகள் வயிற்றில் வந்து நிற்கிறது. ஒரு நாள் அப்பாவுவிடமே இதைச் சொல்லிவிட்டாள்.

அவர் மனைவி பவுனு கொரோனாவில் போனவள். பிள்ளை இல்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "மீனுக்கு சாபம் குடுக்கத் தெரியாது தங்கச்சி. அதுக்கு விசிறத்தான் தெரியும்" என்றார். பிறகு, "மனசு கேக்கலன்னா முருகனுக்கு எதாவது வேண்டிக்க" என்றும் சொன்னார்.

வேண்டிக்கொண்டாள். அடுத்த தடவை மகளுக்குக் கரு நிலைத்து ஐந்தாம் மாதம் ஆகிவிட்டால், வருகிற பங்குனி உத்திரத்துக்கு வாய் கட்டிப் பால்குடம் எடுக்கிறேன் என்று. அடுத்த தடவை கரு நிலைத்தது. இரண்டாயிரத்து இருபத்தைந்து பங்குனியில் சுஜாதாவுக்கு ஐந்து மாதம்.

அதே பங்குனியில்தான் கேம்ப்பை இடிக்கப் போகிறார்கள் என்பது உறுதியாகியிருந்தது. கேம்ப்பை ஒட்டிய நாலா என்கிற பெரிய வடிகாலில் தண்ணீர் போக வழியில்லை, வீடுகள்தான் அடைக்கின்றன என்றார்கள். தகுதி இருக்கிறவர்களுக்கு டெல்லியின் வடகோடியில் நரேலாவில் மாற்று வீடு. தகுதி இல்லாதவர்களுக்கு ஒன்றுமில்லை. வீடு வீடாக வந்து ஆள் குடியிருக்கிறதா என்று பார்த்து எழுதுவார்கள். மூன்று நாள். வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே ஆள் இருக்க வேண்டும். அப்பாவுவுக்கு அந்த ஒற்றை அறையை விட்டால் ஊரிலும் ஒன்றுமில்லை, இங்கும் ஒன்றுமில்லை. ரேஷன் அட்டை, கரண்ட் பில், ஓட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு முதல் நாள் முழுக்க வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை.

சாயங்காலம் சேஷன் சாரிடமிருந்து போன் வந்தது. முட்டைக்குக் காவல் இருந்த ஆண் உளுவை, மூடியின் சந்து வழியாகத் துள்ளி வெளியே விழுந்து தரையில் காய்ந்து கிடக்கிறது. ஓட்டுக்கு அடியில் இரண்டு நாள் முட்டை. சாருக்கு அது ஓய்வு பெறும் வருஷம், அவர் ஆராய்ச்சிக்குக் கடைசி முட்டை. "உன்னை விட்டா யாருக்கும் தெரியாது அப்பாவு."

அப்பாவு எழுந்து நின்றார். வீட்டைப் பார்த்தார். செங்கம்மாளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்தா சாவி. ரெண்டு நாளுதான். கதவத் தொறந்து வெச்சிக்கினு உள்ள உக்காந்திரு. கேட்டா வேலைக்குப் போயிருக்காரு, நான் தங்கச்சின்னு சொல்லு. பெட்டிய எடுத்துக் காட்டு."

"போங்கண்ணா. நான் பாத்துக்கறேன்."

அவளுடைய வீட்டில் புருஷன் ஜம்பு இருந்தான். அவள் மறுநாள் பூராவும் அப்பாவு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்றும் கணக்கெடுக்கிறவர்கள் அந்தச் சந்துக்கு வரவில்லை. சந்து முனையைத் தாண்டிப் போகும்போது அவர்களில் ஒருவர், "நாளைக்குக் காலையில் நாலா ஓரத்து வீடுகள். உங்க சந்து மத்தியானத்துக்கு மேல" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பங்குனி உத்திரம்.

பால்குடம் காலை எட்டு மணிக்கு. ஒன்பதரைக்கெல்லாம் திரும்பிவிடலாம். மத்தியானத்துக்கு வேண்டிய நேரம் இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளே அந்தப் பெட்டி இருக்கிறது. அத்தனை காகிதமும் அதில்தான். பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒன்பதரைக்குள் வந்துவிடுவோமே என்று ஜம்புவிடம் கொடுக்கத் தோன்றவில்லை.

எட்டுப் பெண்கள்தான் வந்திருந்தார்கள் அந்த வருஷம். மற்றவர்கள் வீட்டை விட்டு நகரப் பயந்தார்கள். பூசாரி மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, தலையில் குடத்தை ஏற்றினார். பால் சாமி மேல் விழும்வரை வாய் திறக்கக் கூடாது, குடத்தை இறக்கக் கூடாது, நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது. மேளம் முன்னே போனது. ரயில் லைன் ஓரத்துப் பிள்ளையாரிடம் புறப்பட்டு, கேம்ப்பைச் சுற்றிக்கொண்டு முருகன் கோயிலுக்குப் போகிற வழியில், அவள் தன் சந்தின் முனையைக் கடந்தாள்.

அங்கே கணக்கெடுக்கிறவர்கள் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கையில் அட்டை, கழுத்தில் அடையாளச் சீட்டு, பின்னால் இரண்டு போலீஸ். நாலா ஓரத்தில் சேறும் நாற்றமும் தாங்காமல் இந்தப் பக்கம் முதலில் வந்துவிட்டார்கள்.

அவளுக்கும் அப்பாவுவின் வாசலுக்கும் இடையே இருபது வீடு இருக்கும். இரண்டு கையும் குடத்தில். வாயில் துணி. இடுப்பில் சாவி உறுத்தியது. யாராவது கண்ணில் படுவார்களா என்று பார்த்தாள். ஓரத்தில் நின்றவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கண்ணால் சந்தைக் காட்டினாள், இடுப்பைக் காட்டினாள். அருள் வருகிறது என்று நினைத்து ஒருத்தி காலில் தண்ணீர் ஊற்றினாள்.

குடத்தை இறக்கிவிடலாம். துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடலாம். ஒரு நிமிஷ வேலை. சுஜாதாவின் வயிறு கண் முன் வந்தது. அந்த ஓட்டை நாரால் தேய்த்த சத்தம் காதில் கேட்டது. முருகா, முருகா என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டே, கால் நடந்தது. மேளத்துக்குப் பின்னால், நிற்காமல், திரும்பாமல் நடந்தது.

பாலை ஊற்றிவிட்டு ஓடி வந்தபோது சந்தில் யாருமில்லை. அப்பாவுவின் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி. ஜம்பு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"எங்க போயித் தொலைஞ்ச? தெறக்கச் சொன்னாங்க. சாவி எங்கன்னு எனக்கென்ன தெரியும்? ஆள் இருக்காருன்னு நூறு வாட்டி சொன்னேன். பூட்ட போட்டோ எடுத்துக்கினு போயிட்டானுங்க."

அவள் அப்படியே, ஈரப் புடவையோடு, பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள். மீன் அறையில் அப்பாவு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் ஒரு கோழி இறகை வைத்துக்கொண்டு, ஓட்டுக்கு அடியில் தண்ணீரை மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அதே வேலை. கண் சிவந்து, விரல் ஊறி வெளுத்திருந்தது.

"அண்ணா" என்றாள். சாவியை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். பூட்டினது, குடம், சந்து முனை, எல்லாவற்றையும்.

அப்பாவுவின் கை ஒரு கணம் நின்றது. இறகு நின்றது. பிறகு மறுபடி அசைந்தது.

"பால ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன்."

"செரி, வுடு. பேசிக்கலாம்" என்றார். சற்று நேரம் கழித்து, "இங்க வந்து பாரு, முட்டையில கண்ணு வந்துடுச்சி" என்றார். அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அவை பொரித்துக் கண்ணுக்குத் தெரியாத தூசி போல மேலே எழும்பின என்றும், சேஷன் சார் குழந்தை மாதிரி கைதட்டினார் என்றும் பிறகு கேள்விப்பட்டாள்.

அதைப் பேசித் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. அதுதான் நடந்தது.

ஒரு மாதத்தில் ஐந்து முறை இருவரும் மாற்று வீடு ஒதுக்குகிற அலுவலகத்துக்குப் போனார்கள். ஒரு முறை, திங்கட்கிழமை வா என்றார்கள். ஒரு முறை, சாஹிப் இல்லை. ஒரு முறை, கரண்ட் பில் பவுனு பெயரில் இருக்கிறதே, அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். செத்துப்போய்விட்டாள் என்று அப்பாவு சொன்னதும், அப்படியானால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். செங்கம்மாள் முன்னால் போய், "நான்தான் பூட்டினேன் சாஹிப், தப்பு என்னோடது, அவரு அங்கதான் இருக்காரு" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் அழுதாள். எழுத்தர் சின்ன வயதுக்காரர், கெட்டவரில்லை. "மாதாஜி, நீங்க பூட்டினா என்ன, அவர் பூட்டினா என்ன? காகிதத்துல பூட்டுதான் இருக்கு" என்றார்.

கடைசியில் சேஷன் சார் தன் கைப்பட ஒரு கடிதம் கொடுத்தார். அப்பாவு முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் ஊழியர், அந்தக் கடைசி இரண்டு நாளும் இரவும் பகலும் கல்லூரியிலேயே இருந்தார், அதனால்தான் வீட்டில் இல்லை என்று. அதைச் சாமி படம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார் அப்பாவு. எழுத்தர் படித்தார். திரும்பவும் படித்தார்.

"அச்சா. அப்ப அந்த ரெண்டு நாளும் நீங்க வீட்டுல இல்லன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்க."

அப்பாவு கவுண்டரைச் சுற்றி உள்ளே போய், அந்தப் பையன் காலில் விழுந்தார். யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷர், தரையில் கிடந்து, "பையா, பையா" என்று இந்தியில் அண்ணனைக் கூப்பிடுவது போலக் கத்தினார். சட்டைப் பையிலிருந்த கண்ணாடி விழுந்து நாற்காலிகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. காவலுக்கு இருந்தவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். செங்கம்மாள் மண்டியிட்டு அந்தக் கண்ணாடியைத் தேடி எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். அவர் அதை மாட்டிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்தார். இப்போது நிஜமாகவே அவருக்கு அது வேண்டியிருந்தது. ஜம்புவின் பெயர் தகுதி உள்ளவர்களோடு மேல் பட்டியலில் இருந்தது. அவர் பெயர் கீழ்ப் பட்டியலில்.

"தெரியுதாண்ணா?"

"நல்லாத் தெரியுது."

ஜூன் முதல் தேதி புல்டோசர் வந்தது. சனங்கள் பீரோவையும் கட்டிலையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்பாவு ஒரு சாமானையும் எடுக்கவில்லை. உள்ளே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். போலீஸ்காரர் இருவர் அக்குளில் கை கொடுத்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். ஜம்பு பெட்டியை மட்டும் எடுத்து வந்தான். சுவர் விழுந்தபோது அப்பாவு அந்தப் பக்கம் பார்க்கவில்லை, நாலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கூட வந்துடுங்கண்ணா" என்றாள் செங்கம்மாள்.

"ஒரு ரூமு. பிள்ளத்தாச்சிப் பொண்ணு, மாப்பிள்ள. நான் எங்க தங்கச்சி படுப்பேன்?"

மீன் அறையிலேயே ஸ்டூலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். இருபது நாள் அப்படி ஓடியது. சேஷன் சார் மே மாதமே ஓய்வு பெற்றுப் போயிருந்தார். கல்லூரிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கப் புதிதாக வந்த கான்ட்ராக்டரின் ஆள் ஒருத்தன் வந்து, எல்லாரும் குடியிருக்கும் முகவரிக்குப் போலீஸ் சரிபார்ப்புச் சான்று தர வேண்டும் என்றான். செங்கம்மாள் நரேலா முகவரி எழுதிக் கொடுத்தாள். அப்பாவு ஓட்டு அட்டையை நீட்டினார்.

"இந்த வீடு எங்க இருக்கு?" என்று கேட்டான் அவன்.

அப்பாவு அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேலான வேலை ஒரு காகிதத்தில் முடிந்தது. ராம்சிங் அன்றைக்குக் கேலி எதுவும் செய்யவில்லை. எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டான்.

பல்லாவுக்குப் போவதாகச் சொன்னார் அப்பாவு. வஜீராபாத்துக்கு மேலே, யமுனை இன்னும் நதியாக இருக்கிற இடம். அவர் உளுவை பிடிக்கப் போகிற மணல் திட்டு அது. அங்கே வெள்ளரி போடுகிற ஒருவர், தோட்டத்துக்குக் காவல் இருந்தால் குடிசையில் படுத்துக்கொள்ளலாம் என்றாராம்.

ஆவணியில் சுஜாதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது. அடுத்த சில நாளில் யமுனை ஏறியது. டெல்லியே பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தது. அப்பாவுவின் போன் அணைந்திருந்தது. வெள்ளம் வடிந்ததும் செங்கம்மாள் ஜம்புவைக் கூட்டிக்கொண்டு பல்லாவுக்குப் போனாள். திட்டு இருந்த இடத்தில் திட்டு இல்லை. மணல் எங்கெங்கோ போய், வேறெங்கோ குவிந்திருந்தது. வெள்ளரிக்காரர், "தண்ணி வர்றதுக்கு முன்னாடியே எல்லாரையும் மேல போகச் சொன்னேன், அவரும் வந்திருப்பாருன்னு நெனச்சேன்" என்றார். நிவாரணக் கூடாரங்களில் தேடினாள். ஆஸ்பத்திரிகளில் தேடினாள். கால் வளைந்தவர், சட்டைப் பையில் கண்ணாடி இருக்கும் என்று சொல்லிச் சொல்லிக் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு சாமி முன்னால் உட்காருவாள். நன்றி சொல்ல வாயெடுப்பாள், சாவி ஞாபகம் வரும். முருகா, இதுக்கு அதையா எடுத்துக்கிட்ட என்று கேட்க நினைப்பாள், கேட்கப் பயம். அவரு ஏதாவது ஒரு கல்லப் புடிச்சிக்கினு இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

நரேலாவிலிருந்து கல்லூரிக்கு மூன்று பஸ். இருட்டோடு கிளம்பினால்தான் முடியும். ஜம்பு வேலையை விட்டுவிடு என்கிறான். அவள் விடவில்லை. மீன் அறையில் அவளுடைய அலமாரித் தட்டில், பாத்திரம் தேய்க்கிற நார் இல்லை. ஒரு டம்ளரில் ஒரு கோழி இறகு நிற்கிறது.

அவர் கிளம்பிய அன்று அவளிடம் கொடுத்தது அது. ஜூன் கடைசி. முதல் மழை தூறிக்கொண்டிருந்தது. கல்லூரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். ஒரு பை, அந்தப் பெட்டி. செங்கம்மாள் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். பூட்டினேனே அண்ணா, பூட்டாம போயிருக்கக் கூடாதா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பாவு பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. ஏறினார். படியில் நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து இறகை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"கடைசித் தொட்டியில காலையில புதுசா முட்டை வெச்சிருக்கு. ஆம்பள நல்லா காவல் இருக்கான், இது சும்மா ஒரு ஆபத்துக்கு. நீதான் பாத்துக்கணும். தண்ணி மாத்துறப்ப ஓட்ட மட்டும் திருப்பாத தங்கச்சி. அடியிலதான் இருக்கு."